மாமனார் இல்லாத வீடு

ஆட்டுவதை நிறுத்தினால் பாப்பா விழித்துக்கொள்வாள், விழித்தால் அழுவாள், அழுதால் ஹாலில் டிவியைப் பாடவிட்டு வாயைப் பிளந்து தூங்கும் நங்கை எழுந்துவிடுவாள். அதனால் தொட்டில் கயிற்றை இழுக்கிறேன், விடுகிறேன், இழுக்கிறேன். மேலே கொக்கி ஒரு முனகல் முனகுகிறது. அது அடங்குவதற்குள் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கிற என் மாமனார், நாச்சிமுத்து மாமாவின் நெஞ்சுக்குள் கொர்ரென்று ஒரு சத்தம். கொக்கி, நெஞ்சு, கொக்கி, நெஞ்சு. மத்தியானம் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று அந்தக் கொர்ர் இவ்வளவு கீழே இல்லை. நேற்று தொண்டையில் இருந்தது, இன்றைக்கு இறங்கி விலாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பானையின் அடியில் கஞ்சி பிடிக்கும்போது வருமே, அந்த மாதிரி. ஹாலில் தூங்குகிற அந்த அம்மாளுக்கு இது கேட்காது. நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா சுலோச்சனா. எங்கள் திண்டுக்கல்லில் நாத்தனார் என்போம், இங்கே உடுமலைப் பக்கம் நங்கை. கூப்பிடுகிற பெயர்தான் மாறுகிறது, ஆள் எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். அப்பாவுக்கு முதுகெலும்பு உடைந்துவிட்டது என்று கேட்ட அன்றைக்கே பொள்ளாச்சியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள், வந்ததும் முதல் காரியமாக என்னை அந்த அறை வாசலில் நிறுத்தினாள். "நீ பச்சப் புள்ளக்காரி, நீ எதுக்கு அங்கெல்லாம். நான் பாத்துக்கறேன்." சொன்ன விதத்தில் அக்கறை சொட்டியது. சொட்டியதைத் துடைத்துப் பார்த்தால் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் நட்சத்திரம் எழுதியிருக்கிறது.

மூலம். மூல நட்சத்திரத்துப் பெண் வாழப்போகிற வீட்டில் மாமனார் தங்கமாட்டார், இதுதான் கணக்கு, இதைப் படித்தவன் படிக்காதவன் எல்லோரும் நம்புகிறார்கள், கம்ப்யூட்டரில் ஜாதகம் எழுதுகிறவன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறான். எங்கள் அப்பா என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் தரகர் ஒருவர் வருவார், காபியை ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு அப்பா இல்லீங்க, ரொம்ப வசதியான எடம்" என்பார், மாடியில் ரெண்டு போர்ஷன் இருக்கிறது என்று சொல்வதைப் போல. ஒருத்தனுக்கு அப்பா லாரியில் அடிபட்டுப் போயிருந்தார், ஒருத்தனுக்கு மாரடைப்பு, ஒருத்தன் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாராம், அது ரொம்பவும் சிலாக்கியமான இடம். இன்னொருத்தனின் அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார், நல்ல குடும்பம், ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எங்கள் அம்மா அதற்கும் தலையாட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெனடிக்டா சோசியம் பார்ப்பது பாவம் என்று சொல்லி, இடதுகையில் மந்திரித்த கயிறு கட்டியிருந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கத்தரிக்கோலால் நறுக்கி எறிவாள். நறுக்கி எறிந்துவிட்டு, கழுத்தில் மாதா மெடலைத் தொட்டு முத்தமிட்டுக்கொள்வாள். யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. நாச்சிமுத்து மாமா மட்டும்தான், பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எல்லோரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது, மூக்குப்பொடிக் கலர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நட்சத்திரம் என்ன லாரிங்களா, ராங் சைடுல வந்து என்மேல ஏர்றதுக்கு? நானே பழனி ரோட்டுல காலமெல்லாம் பஸ் ஓட்டினவன், எதுத்தாப்ல வர்றதெல்லாம் பாத்துக்குவனுங்க. புள்ளைக்குப் பையனப் புடிச்சிருக்குதான்னு கேளுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நங்கை சிரிக்கவில்லை, மிக்சரில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால் பையனைவிட அவரைத்தான் பிடித்தது.

அந்த ஆளைத்தான் இப்போது பலகைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டிருக்கிறார்கள். பாப்பாவைக் குளிப்பாட்ட வெந்தண்ணி அண்டாவைத் தூக்கினார், எனக்கு ஆபரேஷன் பண்ணின வயிறு, கனம் தூக்கக்கூடாது என்று தினமும் அவர்தான் தூக்குவார், அன்றைக்கு அடுப்பிலிருந்து இறக்கினார், திரும்பினார், முதுகுக்குள்ளே சுள்ளி முறிவது போல ஒன்று. விழக்கூட இல்லை. அண்டாவைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, ஏதோ புட்டுக்கிச்சு" என்றார். அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் பார்த்தேன், மேலேயும் கீழேயும் எலும்புகள் ஒழுங்காக அடுக்கியிருக்க நடுவில் ஒன்று மட்டும் யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கிய தீப்பெட்டி மாதிரி இருந்தது. கோயம்புத்தூர் டாக்டரிடம் உள்ளே போனது நான் ஒருத்திதான், வீட்டுக்காரர் மருந்து வாங்க வரிசையில் நின்றார், நங்கை வராந்தாவில் சோசியரோடு போனில் இருந்தாள். அந்த டாக்டர் பெண் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், கண்ணெல்லாம் தூக்கம், ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் சரியாக வந்து விழுந்தது. பீடி உண்டா. உண்டு, நிறுத்திவிட்டேன் என்பார், மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று குடிப்பார். இளைப்பு உண்டா. உண்டு, மெடிக்கல் ஷாப்காரன் கொடுக்கிற குட்டி வெள்ளை மாத்திரையை வருஷக்கணக்காக மிட்டாய் மாதிரிப் போடுகிறார். அந்த மாத்திரைதான் எலும்பைத் தின்றிருக்கிறது என்றாள். உடம்பு இளைத்திருக்கிறாரா. சட்டைக் காலருக்குள் இப்போது கழுத்து தனியாக நிற்கிறது. சாப்பாடு. ஒரு கை. முன்னே எங்கேயாவது எலும்பு உடைந்திருக்கிறதா. போன வருஷம் மணிக்கட்டு. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவில்லை, எழுதுகிற பேனா மட்டும் மெதுவாகியது. "ஆம்பளைங்களுக்குத்தான் இது ஆபத்து ஜாஸ்தி, அதுவும் நுரையீரல் இப்படி இருந்தா" என்றாள். "ஆனா எலும்பு கொல்லாதும்மா. அது தானா கூடிரும். படுக்கைதான் கொல்லும். படுத்துட்டே இருந்தா சளி நெஞ்சுல கட்டிக்கும், நிமோனியா, அப்புறம் நம்ம கையில இல்ல. பெல்ட் போட்டு உக்கார வைங்க, வலி மாத்திரை குடுத்து நாளைக்கே நடக்க வைங்க." என் கையைப் பிடித்து, ஒரு ஆளை எப்படிக் கட்டை உருட்டுகிற மாதிரி தோளும் இடுப்பும் ஒருசேரத் திருப்ப வேண்டும், எப்படிக் காலை முதலில் தொங்கவிட்டு முழங்கையை ஊன்ற வைக்க வேண்டும் என்று மேஜைமேல் காட்டினாள். இத்தனை கேட்டாள், மருமகளின் நட்சத்திரம் என்ன என்று கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் போல.

நான் வெளியே வந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் கௌரிசங்கர் எம்.பி.ஏ. படித்தவர், நூல்மில்லில் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர். "ஒடஞ்ச முதுகோட ஒருத்தர உக்காரச் சொல்றாங்களா? நீ இங்கிலீசுல ஏதாச்சும் தப்பா வெளங்கியிருப்ப" என்றார். டாக்டர் தமிழில்தான் பேசினாள் என்றேன். "அவிய ரெண்டு நிமிசம் பாத்துட்டுச் சொல்லிருவாங்க, வலிக்கறது எங்கப்பனுக்கு." நங்கை இன்னும் ஒரு படி மேலே. "நடக்க வைக்கறாளாம். தன்னப் பெத்தவனா இருந்தா தெரியும்." அன்றைக்கு ராத்திரியே தச்சுப்பட்டறையிலிருந்து பலகை வந்தது, மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை, பலகைமேல் கோரைப்பாய், தலையணை கூடாது, அசையக் கூடாது, தும்மக் கூடாது. அசையாமல் வைத்திருப்பதுதான் பாசம். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து காலை அமுக்குகிறார், அப்பாவின் கைக்குள் தன் கையை வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறார், கும்பிடுகிற கை நூறு வருகிறது. பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் பாலித்தீன் உறையோடு தொங்குகிறது, போட்டால் மூச்சு முட்டுமாம். பார்க்க வருகிற சொந்தங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்து, "ஆடாம அசங்காம படுத்திருங்க மாமா" என்று ஆளாளுக்கு ஒரு முறை அவருக்குத் தண்டனையை உறுதிபண்ணிவிட்டுப் போகிறார்கள், போகிறபோது என் அறைப்பக்கம் ஒரு பார்வை. ஒரு பெரியம்மா கூடத்திலேயே கேட்டாள், "அந்தப் புள்ள என்ன நட்சத்திரம்?" நங்கை பெருமூச்சு விட்டாள். பெருமூச்சில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சோசியர் பௌர்ணமி கழிகிற வரைக்கும் நான் என் கையால் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். ஆக அவரை எப்படி எழுப்ப வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அந்த அறைக்குள் போகக்கூடாத ஒரே ஆளும் நான். இதைவிட ஒழுங்காக ஒரு மனிதரைக் கொல்ல யாராவது திட்டம் போட முடியுமா, அதுவும் ஒருவர் கையிலும் ரத்தம் படாமல்.

கொக்கி முனகுகிறது. கொர்ர். மத்தியானம் அவள் ஊட்டினதைக் கதவிடுக்கில் பார்த்தேன். மல்லாக்கப் படுத்த வாயில் பாலாடையை வைத்துக் கஞ்சியைச் சரிக்கிறாள், பாப்பாவுக்குப் பால் புகட்ட வைத்திருந்த பாலாடை. பாப்பாவுக்குக்கூட நான் தலையைத் தூக்கிப் பிடித்துத்தான் ஊற்றுகிறேன். அவர் முழுங்கினார், பாதி வேறு வழியில் போயிருக்க வேண்டும், இருமப் பார்த்தார், முதுகு விடவில்லை, இருமல் தொண்டை வரைக்கும் வந்து அப்படியே உள்ளே திரும்பிப்போனது, கண்ணில் மட்டும் தண்ணீர். "பாரு அப்பா அழுகறாரு" என்று இவளும் அழுதாள். அப்போது அவர் கண் கதவிடுக்குக்கு வந்தது, என்னைப் பார்த்தது, உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்றும் அப்படித்தான், நங்கை குளிக்கப் போயிருந்தபோது வாசலில் நின்றேன், "போ அம்மிணி, இங்க நிக்காத" என்றார், பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிடுகிற குரல். லாரியா ராங் சைடா என்று சிரித்த ஆள். படுக்கையில் போட்டதும் இவரும் நம்பிவிட்டார், முதுகெலும்பு போனால் எல்லாம் போய்விடும் போல. த்தூ, என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வந்து இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அப்புறம்தான் பயம் வந்தது, பயம் அவரைப் பற்றியே இல்லை. பாப்பாவும் மூலம். பிறந்த நேரத்தை நர்ஸ் சொன்னதும் நங்கை போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தாள். நாளைக்கு இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் கொர்ர் நின்றுபோனால் ஆத்தாளும் மூலம் மகளும் மூலம், ரெண்டும் சேர்ந்து தாத்தனை எடுத்துவிட்டது என்பார்கள். பீடி எடுக்கவில்லை, வெள்ளை மாத்திரை எடுக்கவில்லை, பலகை எடுக்கவில்லை, இந்தப் பாப்பா எடுத்தாள். இவள் நடக்கும்போதும் படிக்கும்போதும் பெரியவளாகும்போதும் அது கூடவே போகும், அப்புறம் ஒருநாள் நானே, இந்த நானே, தரகருக்குக் காபி ஆற்றிக் கொடுத்து மாப்பிள்ளைக்கு அப்பா இருக்கிறாரா என்று கேட்பேன், இல்லை என்று சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பயப்படுகிறேன். சரி, நான் போய் எழுப்பி, எழுப்பும்போது ஏதாவது ஆகிவிட்டால். அப்போதும் நான்தான். எழுப்பாமல் இருந்தால். அப்போதும் நான்தான். எந்தப்பக்கம் திரும்பினாலும் நான் நிற்கிறேன். சிஸ்டர் பெனடிக்டா, உங்கள் கத்தரிக்கோல் எந்தக் கயிற்றையும் நறுக்கவில்லை, கேட்கிறதா, கை மணிக்கட்டில் இருந்ததை நறுக்கினீர்கள், அவ்வளவுதான். ரகசியமாகச் சொல்கிறேன், ராத்திரி பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது எனக்கே தோன்றுகிறது, ஒருவேளை இருக்குமோ, அண்டாவை அவர் தூக்கியது எனக்காகத்தானே, ஒருவேளை நான்தானோ. அந்த நினைப்பு வந்தால் என்மேல்தான் எனக்கு எல்லோரையும்விட அதிகமாக அருவருப்பு வருகிறது. கொக்கி. கொர்ர். கொக்கி.

கொக்கி. இழுக்கிறேன், விடுகிறேன். கொக்கி. அந்தப்பக்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் இழுக்கிறேன், கொக்கி முனகி அடங்குகிறது, டிவியில் யாரோ நகைக்கடைக்குக் கூப்பிடுகிறார்கள், அந்தப்பக்கம் ஒன்றும் இல்லை. அப்புறம் மெல்லிசாக, சுவருக்குள் எலி பிறாண்டுவதைப் போல, கொர். நான் கயிற்றை விட்டுவிட்டேன். விட்டது எனக்கே தெரியவில்லை, அவர் அறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்து உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டபோதுதான் தெரிகிறது. அவர் கண்ணைத் திறக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. "வராத அம்மிணி." மூச்சுக்கு ஒரு வார்த்தை. எந்திரிச்சு உக்காரணும் மாமா, என்கிறேன். "அவ முழிச்சுக்குவா." முழிக்கட்டும். நீங்களும் நம்பறீங்களா மாமா, அதுக்குத்தான் சுவத்தப் பாத்தீங்களா, என்று கேட்டேவிடுகிறேன், இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா. அவர் சிரிக்கப் பார்க்கிறார், அது நெஞ்சுக்குள் குமிழியாக உடைகிறது. "நம்பறதாவது. நான் போற நேரத்துல... நீ இந்த ரூமுக்குள்ள இருக்கக்கூடாது. அதுக்குத்தான். இவ உள்ள வந்தா, இவன் போனான்னு ஒரு சொல்லு வந்துட்டா... உன்ற புள்ளைக்கும் அதேதான் பேரு." அப்படியா. அதற்காகவா. பஸ் நின்றுபோனால் பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டு ஓரங்கட்டுவதைப் போல இந்த ஆள் தன்னை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் போகப் பார்த்திருக்கிறார், எனக்கு உபகாரமாம். கிழட்டு முட்டாள். அவர் காதருகே குனிந்து சொல்கிறேன், நீங்க செத்தா நான் அமெரிக்காவுல இருந்தாலும் என்னையத்தான் சொல்லுவாங்க மாமா, அதனால தயவுபண்ணி எந்திரிங்க. அவர் கூரையைப் பார்க்கிறார். யோசிக்கிறார். சாலையில் எதிரே வருவதைப் பார்த்து யோசிக்கிற முகம். "அதுவும் சரிதான்" என்கிறார்.

தோளும் இடுப்பும் ஒருசேர. கட்டை மாதிரி. அவர் பல்லைக் கடிக்கிறார், நான் என் தையல் போட்ட வயிற்றைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்துத் திருப்புகிறேன், ஒருக்களித்ததும் பெல்ட்டை அடியில் செருகி இழுத்து ஒட்டுகிறேன், முதுகு முழுக்கப் பாயின் வரி பதிந்து சிவந்திருக்கிறது, இவ்வளவு லேசாகிவிட்டாரா இந்த மனிதர், அண்டாவைத் தூக்கின மனிதர். காலைத் தொங்கவிடுங்க. முழங்கையை ஊன்றுங்க. ஊன்றுங்க மாமா. "ஆத்தா" என்று ஒரு சத்தம் போடுகிறார், அந்தச் சத்தத்துக்கும் நின்றுபோன தொட்டிலுக்கும் சேர்த்துப் பாப்பா வீல் என்று அலறுகிறாள், டிவி பேச்சை மீறிக்கொண்டு நங்கையின் கொலுசு ஓடிவருகிறது. அவர் உட்கார்ந்துவிட்டார். கால் தரையில் இருக்கிறது, தலை என் தோளில் இருக்கிறது. வாசலில் நங்கை, முடி அவிழ்ந்து, கன்னத்தில் தலையணை வரியோடு. "அய்யோ, என்றப்பனக் கொல்றா. விடுடீ. அவர விடு." விட்டால் விழுவார். இந்த அம்மாளுக்கு அதுகூடத் தெரியவில்லை, விடு விடு என்று நிற்கிறாள், நெற்றியில் விபூதி, வாயில் விடு. அந்தக் கையப் புடிங்க நங்கை, என்கிறேன். அவள் கை நீளவில்லை. தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அப்போதுதான் பார்க்கிறேன், அவளுக்கும் பயம், என் பயத்தைவிடச் சின்னதாக, சுத்தமாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் பயம் மாதிரி. அப்போது மாமாவின் முதுகு என் கைக்குக் கீழே இறுகுகிறது. அடியிலிருந்து ஒன்று புறப்படுகிறது. பழைய பஸ்ஸைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி முதலில் ஒரு இழுப்பு, நின்றது, மறுபடி ஒரு இழுப்பு, அப்புறம் இருமுகிறார், முழு இருமல், அத்தனை நாள் படுக்கை உள்ளே அடைத்துவைத்த இருமல், பச்சையும் மஞ்சளுமாக ஒரு மொத்தை வந்து என் முந்தானையில் விழுகிறது, கஞ்சி நாற்றம், பீடி நாற்றம். நங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போகிறாள். பாப்பா அந்தப்பக்கம் தொண்டை கிழியக் கத்துகிறாள். நங்கை அங்கே பார்க்கிறாள், இங்கே பார்க்கிறாள், என்னை அடிப்பதா சாமி கும்பிடுவதா என்று தெரியாமல், கடைசியில் திரும்பிப் பாப்பாவிடம் போகிறாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் கொக்கி முனகத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் வருவார், கேட்பார், கத்துவார், அதெல்லாம் வரட்டும், பௌர்ணமியும் வரட்டும், இவர் பிழைப்பாரா என்று அந்த டாக்டரே சொல்லவில்லை. கொக்கி முனகி அடங்குகிறது. நான் காது கொடுத்துக் காத்திருக்கிறேன். "இன்னொருக்கா வருது," என்கிறார் மாமா, என் தோளுக்குள், "வுட்றாத அம்மிணி." இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். இருமுங்க, என்கிறேன். நல்லா கேக்கற மாதிரி இருமுங்க.